முட்டை அட்டை தியேட்டர்

நர்மதா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

எடுத்தால் குமட்டும். வெண்ணந்தூரில் கதிரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய தறிக்கொட்டகைக்குள் கால் வைத்ததுமே அந்த வீச்சம் முகத்தில் மோதியது. அழுகிய முட்டையா, கோழி எச்சமா, தண்ணீர் ஊற்றாத கழிப்பறையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு மல்லிகை வாசனை ஸ்பிரேயைக் கைவலிக்க அடித்து வைத்திருந்தான் கதிர். வெறும் நாற்றத்தையாவது அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாற்றமும் மல்லிகையும் ஜோடி போட்டு வந்ததுதான் சகிக்கவில்லை.

"பழைய முட்டை அட்டைங்க, அதான் கொஞ்சம் வாசம்," என்று கதிர் சிரித்தான். "பண்ணையில சும்மா கெடந்துது, அள்ளிட்டு வந்து ஆணி அடிச்சிட்டேன். எல்லாம் பட்ஜெட்டுங்களே."

நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை முப்பது குழி முட்டை அட்டைகள், சாம்பல் நிறத்தில். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க இதுதான் சல்லிசான வழி என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டானாம். நாமக்கல் பக்கத்தில் பிறந்தவனுக்கு முட்டை அட்டைக்கா பஞ்சம்.

கதிருக்கு வயது முப்பத்தாறு. விசைத்தறி முதலாளி, இன்னும் கல்யாணமாகவில்லை. அவனுடைய அப்பா கந்தவேல், எழுபத்து நான்கு வயது, கொஞ்ச நாளாக ஞாபகம் தடுமாறுகிறவர், செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து காணவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பெரியவருக்கு இதயத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். மாத்திரை டப்பாவைக் கதிர் தன் தங்கையிடம் கொடுத்து, அப்பா இதைக்கூட எடுக்காமல் போய்விட்டார் என்று மூக்கைச் சிந்தியிருக்கிறான். குமாரபாளையத்தில் வாக்கப்பட்டிருந்த அந்தத் தங்கை மோகனப்பிரியாதான் சேலத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த நர்மதாவைத் தேடி வந்தாள். அப்பா கிடைத்த நிமிஷமே கொடுங்கள் என்று டப்பாவை நர்மதாவின் கையில் திணித்துவிட்டுத்தான் போனாள். நர்மதாவின் தோள்பையில் அது நடக்கும்போதெல்லாம் கிலுகிலுத்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெரியவருக்கு எத்தனை நாள் மாத்திரை தவறிவிட்டது என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. புதன்கிழமை சாயங்காலம் பெரியவரின் போனிலிருந்து மகளுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. *சாமி ஊட்டியிலதான் இருக்கேன் ஒரே இருட்டு குளுருது ஒரே சத்தம் வந்து கூட்டிட்டுப் போ சாமி.* அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. மகளை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவாராம். இருட்டு என்றால் பனிமூட்டம், குளிர் என்றால் ஊட்டிக் குளிர், சத்தம் என்றால் சீசன் கூட்டம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. நர்மதாவும் அவளுடைய உதவியாளர் செல்லமுத்துவும் வெள்ளியும் சனியும் ஊட்டியில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிவிட்டு, வெறுங்கையோடு இன்று காலைதான் மலை இறங்கியிருந்தார்கள்.

செல்லமுத்து சங்ககிரியில் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காததால் லாரியை விட்டுவிட்டு நர்மதாவின் பழைய காரை ஓட்டுகிறார். லாரியை விட்டாரே தவிர, அவருடைய வாய்க்கு எடுத்த நேஷனல் பர்மிட் இன்னும் காலாவதியாகவில்லை. ஊட்டியில் வாங்கிய குரங்குக் குல்லாயை வெண்ணந்தூர் வெயிலிலும் கழற்றாமல் அவர் தியேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

பார்ப்பதற்கு நிறைய இருந்தது. திரை என்பது லாரித் தார்ப்பாய், வெள்ளை பெயிண்ட் அடித்தது. உட்காருவதற்குப் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய இருக்கைகள், மெத்தைக்குள் மில்லில் கழித்த பஞ்சு. ஒலிபெருக்கிகள் யாரோ உடைத்துப் போட்ட சுற்றுலா வண்டியிலிருந்து வந்தவை. புரொஜெக்டர் செகண்ட் ஹேண்ட், திரைக்கு மேலே உறுமிக்கொண்டிருந்த ஏசி மூன்றாம் கை. ஒவ்வொன்றையும் எங்கே, எவ்வளவு சல்லிசாக அமுக்கினான் என்று கதிர் பெருமையோடு ஒப்பித்தான். படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ அடித்தார்கள். அடி ஒவ்வொன்றும் நர்மதாவின் நெஞ்செலும்பில் விழுந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். ரிமோட்டால் இரண்டு புள்ளி குறைத்தான். அவள் திரும்பியதும் நான்கு புள்ளி கூட்டினான்.

"பஸ் சீட்டு சரி," என்றார் செல்லமுத்து. "இண்டர்வெல்லுல கண்டக்டர் வந்து டிக்கெட் கேப்பாருங்களா?"

கதிர் அதற்கும் சிரித்தான். நாளைக் காலையில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்களாம். வந்தவர்களை நேராகத் தியேட்டருக்குள் அழைத்து வந்து உட்காரவைத்து அசத்திவிடப் போகிறானாம். அப்பாவைப் பற்றி நர்மதா கேட்டதற்கு, அவர் ஊட்டியில் யாரோ கூட்டாளிகளோடு சந்தோஷமாகத்தான் இருப்பார் என்று கையை விரித்தான். விரித்த கையோடு ஒலிபெருக்கியை நான்கு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி வைத்து, இப்போது சத்தம் எப்படி என்று அவளையே கேட்டான்.

நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனைக் காணவில்லை, இவனுக்குச் சத்தம் எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டும். இந்தத் தொழிலில் எத்தனையோ அற்பர்களைப் பார்த்திருக்கிறாள். இத்தனை உற்சாகமான அற்பனை இன்றுதான் பார்க்கிறாள்.

செல்லமுத்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அட்டை ஒவ்வொன்றும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கிறதே என்று அவர் ஆரம்பிப்பதற்குள் கதிர் வந்து, ஆணி குத்தும் என்று சொல்லி அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விட்டான். இடப்பக்கச் சுவரில் மட்டும் அட்டைகளுக்கு நடுவே நான்கு ஜன்னல்கள், நான்கிலும் கறுப்புத் துணி. நர்மதா கடைசியாக அதைப் பார்த்துவிட்டு அவர்கள் பின்னால் வெளியேறினாள்.

வெளியே வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கொட்டகையின் அதே பக்கச் சுவரோரமாகவே நடந்தாள். செங்கல் வைத்து அடைத்த பழைய ஜன்னல் ஒவ்வொன்றையும் தாண்டும்போது ஒரு முறை நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். ஒன்று, இரண்டு என்று ஆறு முறை இழுத்த பிறகுதான் குமட்டல் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, வாரத்தில் இந்த ஒரு நாள்தான் காதுக்கு ஓய்வு, அதையும் இந்தப் புண்ணியவான் விடியற்காலையிலிருந்து படம் போட்டுக் கெடுக்கிறான் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராசிபுரம் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு முன்னால் செல்லமுத்து காரை நிறுத்தினார். நர்மதாவுக்கு டீ இறங்கவில்லை. மல்லிகை இன்னும் தொண்டையிலேயே நின்றது.

செல்லமுத்துவுக்கு எழுத்துத் தட்டும் பொறுமை கிடையாது. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே மனைவிக்குச் செய்தி சொன்னார். "ஆராயி, ஒரு மணி நேரத்துல ஊட்டுக்கு வாரேன். சோத்த வடிச்சு வை."

டீ ஆறுவதற்குள் ஆராயியே கூப்பிட்டுவிட்டாள். அவள் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே பேக்கரி வரை கேட்டது.

"ஏனுங்க, ரெண்டு நாள் சுத்துனது பத்தாதா? மறுக்கா எதுக்கு ஊட்டிக்குப் போறீங்க? அங்க எவ ஒக்காந்திருக்கறா?"

செல்லமுத்து திருதிருவென்று விழித்தார். ஊட்டி என்ற பேச்சையே தான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். எடுத்ததற்குச் சாட்சி தன் கையிலேயே இருக்கிறது என்றாள் ஆராயி, குல்லாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னாள், போனை வைத்துவிட்டாள்.

"பாருங்க அம்மிணி, இந்தப் போனு குடும்பத்தையே பிரிச்சுப் போடும்," என்று அவர் திரையை நர்மதாவிடம் நீட்டினார்.

*ஆராயி ஒரு மணி நேரத்தில் ஊட்டிக்கு வாரேன் சோத்த வடிச்சு வை.*

நர்மதா அதை ஒரு முறை படித்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"அண்ணா, இதை நீங்க என்னன்னு சொன்னீங்க? அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

"ஊட்டுக்கு வாரேன்னு சொன்னேன். என்ற ஊடு, சங்ககிரியில இருக்கற ஊடு."

"நான் வீடுன்னு சொல்றவ. என் போன் என்னிக்கும் தப்பா எழுதினதில்லை. நீங்க ஊடுன்னு சொல்றீங்க. அதுக்கு ஊடு தெரியலை, ஊட்டிதான் தெரியுது." அவள் தன் போனில் மோகனப்பிரியா அனுப்பி வைத்திருந்த செய்தியை எடுத்தாள். "பெரியவருக்கு எழுத்துத் தட்டத் தெரியுமான்னு மோகனப்பிரியாகிட்ட கேளுங்க."

கேட்டார். அப்பாவுக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது, எப்போதும் போனிடம் பேசித்தான் அனுப்புவார் என்று பதில் வந்தது. அண்ணன் முதலில் என்ன சொன்னான் என்று நர்மதா கேட்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை கேட்டபோது மேச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று சொன்னானாம். புதன்கிழமை இந்தச் செய்தியைக் காட்டிய பிறகுதான், ஆமாம், ஊட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று மாற்றிக்கொண்டானாம். மோகனப்பிரியா பதறிப்போய் அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வருவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

நர்மதா அந்தச் செய்தியை, பெரியவர் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படி, மெல்ல வாய்விட்டுப் படித்தாள். "சாமி, ஊட்டுலதான் இருக்கேன். ஒரே இருட்டு. குளுருது. ஒரே சத்தம். வந்து கூட்டிட்டுப் போ சாமி."

செல்லமுத்து குல்லாயைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கதிர் பொய்யை யோசிக்கக்கூட இல்லை, பெரியவர் கூப்பிட்ட கூப்பாட்டையே எடுத்துப் பொய்யாக வைத்துக்கொண்டான் என்று வழியெல்லாம் நர்மதா பொருமினாள். அதை நம்பி இரண்டு நாள் மலையில் குளிரில் நின்றதை நினைக்கத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. மாத்திரை டப்பா மடியில் கிலுகிலுத்துக்கொண்டே வந்தது.

கதிர் அவர்களைத் திரும்பவும் பார்த்ததில் கொஞ்சமும் அசரவில்லை. வீட்டைச் சோதிக்க வேண்டும் என்றதும் தாராளமாகப் பாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். அந்தத் தாராளம் நர்மதாவுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு அறைகள், சமையலறை, மாடி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த சந்து, எல்லாவற்றையும் பார்த்தார்கள். பெரியவரின் அறைக்குப் புது பெயிண்ட் அடித்து, விருந்தாளிகளுக்கென்று சோபா போட்டிருந்தான். அவருடைய கட்டில் இல்லை, வேட்டி இல்லை, செருப்பு இல்லை, சுவரில் அவர் படம்கூட இல்லை. உயிரோடு இருக்கிற மனுஷனை இத்தனை சுத்தமாகத் துடைத்து எடுக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் ஆள் அங்கே இல்லை.

"திருப்திங்களா?" என்றான் கதிர். "ஊட்டுல இருந்தா நான் சொல்ல மாட்டனுங்களா? என்ற அப்பனுங்க அவரு."

செல்லமுத்து தோற்றுப்போன முகத்தோடு நர்மதாவைப் பார்த்தார். போனும் ஆராயியும் சேர்ந்து தங்களை ஏமாற்றிவிட்டார்களோ என்ற கேள்வி அவர் கண்ணில் இருந்தது. நர்மதா கொட்டகையை நோக்கி நடந்தாள். கதிர் பின்னாலேயே வந்தான், இந்த முறை கொஞ்சம் வேகமாக.

உள்ளே அதே சண்டை, அதே மல்லிகை. நர்மதா கைக்குட்டையை மூக்கில் வைக்கவில்லை. வேண்டுமென்றே ஒரு முறை ஆழமாக இழுத்தாள். கண்ணில் நீர் வந்தது. பிறகு செல்லமுத்துவைச் சுவரருகே கூப்பிட்டு, முன்னே அட்டையைப் பற்றி என்னவோ சொல்ல வந்தீர்களே என்று அவர் காதில் கத்தினாள்.

"எட்டு வருசம் நாமக்கல்லுல இருந்து கேரளாவுக்கு முட்டை லோடு அடிச்சிருக்கறேன் அம்மிணி," என்று அவரும் கத்தினார். "பழைய அட்டைன்னா மஞ்சக்கரு காஞ்சு ஒட்டியிருக்கோணும். இறகு ஒண்ணாவது இருக்கோணும். இந்த அட்டையக் கோழி கண்ணுலயே பாத்திருக்காது. அத்தனையும் புத்தம் புதுசு."

"புது அட்டை நாறுமா?"

"நனைஞ்ச பேப்பர் வாசம் வரும். அவ்வளவுதான்."

நர்மதா கதிர் பக்கம் திரும்பினாள். "பழசை வாங்கிட்டுப் புதுசுன்னு பெருமை பேசறவங்களைப் பார்த்திருக்கேன். புதுசை வாங்கிட்டுப் பழசுன்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். எதுக்குக் கதிர்? இந்த நாற்றத்துக்கு ஒரு காரணம் சொல்லணும், அதுக்குத்தானே?"

கதிரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதை எடுக்க அவன் மறந்துபோயிருந்தான். ரிமோட்டை இறுக்கிப் பிடித்தான். சத்தம் இன்னும் இரண்டு புள்ளி ஏறியது.

"வெளியே எண்ணினேன், ஆறு ஜன்னல்," என்றாள் நர்மதா. "உள்ளே நாலுதான் இருக்கு. மீதி ரெண்டு எந்தப் பக்கம்?"

நர்மதா திரும்பிப் பார்த்தபோது செல்லமுத்து அங்கே இல்லை. வாசலுக்கு வெளியே அவர் கை மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

படம் அணைந்தது. ஏசியின் உறுமல் நின்றது. அடித்தவனும் அடிபட்டவனும் பாதியில் காணாமல் போனார்கள். திறந்திருந்த கதவு வழியாக வந்த வெயில் மட்டும் பஸ் இருக்கைகளின் மேல் விழுந்தது. வெளியே தறிகளும் ஓடாத ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தெருவில் வாரம் ஒரு முறை வரும் அமைதி, கொட்டகைக்குள் முதல் முறையாக வந்தது.

தார்ப்பாய்த் திரைக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். பிறகு ஒரு குரல், மிக மெல்ல, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது போலக் கேட்டது.

"படம் முடிஞ்சுதா சாமி?"

கதிர் வாசலை நோக்கித் திரும்பினான். அங்கே செல்லமுத்து நின்றிருந்தார், வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு. "எல்லாத்தையும் சல்லிசா பண்ணுனவரு இன்வெர்ட்டர் மட்டும் வாங்கியிருக்க மாட்டாருன்னு நெனச்சேன்," என்றார். "உக்காருங்க தம்பி. பஸ்ஸு இனி கெளம்பாது."

நர்மதா தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ஒட்டுப்பலகைச் சுவர், அதன் மேலும் முட்டை அட்டை, நடுவில் ஒரு குறுகிய கதவு. தாழ்ப்பாள் இந்தப் பக்கம் இருந்தது.

திறந்ததும் வந்த நாற்றத்துக்கு மல்லிகைத் துணை இல்லை. இரண்டு ஜன்னல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. காற்றுக்கென்று மேலே ஒரு பிளவு, ஏசியின் குளிரும் அது வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. கயிற்றுக் கட்டில், ஒரு வாளி, பன் கவர்கள். கட்டிலில் கந்தவேல் உட்கார்ந்திருந்தார், நனைந்து காய்ந்து மறுபடியும் நனைந்த வேட்டியோடு. ஒரு கால் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"வலிக்கக் கூடாதுன்னு பருத்தித் துணியாத்தானுங்க கட்டினேன்," என்றான் கதிர் பின்னாலிருந்து.

நர்மதாவுக்கு உண்மையிலேயே வாந்தி வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அவன் பேச ஆரம்பித்தான், நிறுத்தவில்லை. மூன்று சம்பந்தம் தட்டிப்போயிற்றாம். போன முறை பெண் வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இவர் வேட்டி இல்லாமல் வந்து நின்று, வந்தவர்களை யாரென்று கேட்டாராம். அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து போனதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறதாம். ஊருக்குள் இப்போது பெண் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்று தெரியுமா என்று நர்மதாவையே கேட்டான். நாளை ஒரு நாள் கழிந்தால் போதும், பிறகு கூடத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக இருந்தானாம்.

"நாளைக்குத்தானே வராங்க? செவ்வாய்க்கிழமையே எதுக்கு அடைச்சே?"

கதிர் ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். "திடீர்னு அடைச்சா கத்துவாருங்களே. முன்னாடியே பழக்கோணுமுங்களே."

"பழக்கறதுக்கு அவரு என்ன மாடா?" என்றார் செல்லமுத்து. இரண்டு வருஷமாக அவரோடு சுற்றும் நர்மதா, அவர் நகைச்சுவை இல்லாமல் ஒரு வாக்கியம் பேசி இன்றுதான் கேட்டாள்.

போனை எடுத்துக்கொண்டதைக் கதிர் மறுக்கவில்லை. ஆனால் ஊட்டி என்று அவன் யாரையும் ஏமாற்றவில்லையாம், அப்பா அனுப்பியதே ஊட்டி என்றுதானாம், அவன் ஆமாம் என்று மட்டும்தான் சொன்னானாம். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நியாயஸ்தனின் மனத்தாங்கல் இருந்தது. நர்மதா அதற்கு மேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

செல்லமுத்து வாசலை விடாமல் நின்றபடியே ஆம்புலன்சுக்கும் பிறகு போலீசுக்கும் போன் செய்தார். பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் செம்பில் வெந்நீரும் ஒரு வேட்டியும் கொண்டுவந்தாள். ஐந்து நாள் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார், தனக்குக் கேட்கவே இல்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது, எதிரொலியைத்தான் குறைக்கும் என்று அவளிடம் யார் சொல்வது. மற்ற நாளில் தெருவின் தறிச் சத்தமே அவர் குரலை மறைத்தது, தறி ஓடாத நாளில் அவன் விடியற்காலையிலிருந்து படம் ஓட்டியது அதனால்தான்.

நர்மதா காலில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. கடித்த பிறகுதான் மூக்கை மூடவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. கைக்குட்டையை வெந்நீரில் நனைத்துப் பெரியவரின் வாயைத் துடைத்தாள், தாடையைத் துடைத்தாள். ஆம்புலன்ஸ்காரர் போனில் சொன்னபடி தோள்பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒரே ஒரு மாத்திரை கொடுத்தாள். கந்தவேல் அவள் கையையே பார்த்துக்கொண்டு விழுங்கினார்.

"வந்துட்டியா சாமி," என்றார்.

தான் அவர் மகள் இல்லை என்று சொல்ல நர்மதாவுக்கு வாய் வரவில்லை. வந்துவிட்டேன் என்று சொன்னாள்.

அவளுக்குள் அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. இதுவரை அது அட்டையின் மேலும் கொட்டகையின் மேலும் இருந்தது. இப்போது மொத்தமும் பஸ் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரே ஆளின் மேல் இருந்தது.

அந்த ஆள் எழுந்து வந்து தணிந்த குரலில் கெஞ்சினான். "மேடம், எதுவா இருந்தாலும் நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் வெளிய தெரியாம பாத்துக்குங்க. பொண்ணு ஊட்டு ஒறம்பரைக எல்லாம் வாராங்க. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா எனக்கு அவ்வளவுதானுங்க."

"வரட்டும்," என்றாள் நர்மதா. "தியேட்டரை நானே சுத்திக் காட்டறேன்."

ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டது. மோகனப்பிரியா இன்னும் பஸ்ஸில்தான் இருப்பாள். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. செய்தியாவது போட்டு வைக்கலாம் என்று செல்லமுத்து போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். "மோகனா அம்மிணி, அய்யன் ஊட்டுலதான் இருக்கறாரு. நல்லா இருக்கறாரு. வாங்க."

திரையைப் பார்த்துவிட்டு அவர் போனை நர்மதாவிடம் கொடுத்தார். போன் இந்த முறையும் ஊட்டி என்றுதான் எழுதியிருந்தது.

நர்மதா அதை அழித்தாள். பெரியவரின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்ததால் ஒரு கைதான் இருந்தது. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, 'அப்பா வீட்டில்தான் இருக்கிறார்' என்று தட்டி அனுப்பினாள்.